டிரா.ஐஓ: அலுவலக முறைமையை ஃப்ளோசார்ட்டாக எழுதிவைக்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

டிரா.ஐஓ (draw.io) என்ற வரைபடக் கருவியைத் திறந்த ஐந்தாவது நிமிடமே, ஒரு வேலையின் படிகளைப் பெட்டிகளாலும் அம்புகளாலும் காட்டும் ஃப்ளோசார்ட் ஒன்று தயாராகிவிடும். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதைத் திறந்து, வரைந்தவருக்கு ஃபோன் போடாமலே கொள்முதலோ சம்பளப் பட்டுவாடாவோ எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வாரா? ஆவணம் என்று வந்துவிட்டால் கேட்க வேண்டியது இதைத்தான். இந்த மதிப்புரை முழுக்க அந்தக் கேள்வியை வைத்தே டிரா.ஐஓவைப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வரைவதற்கு இதைப் போல வசதியான இலவசக் கருவி கிடைப்பது கடினம். ஆனால் வரைந்தது சரியா என்று இது ஒருபோதும் சொல்லாது. அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று தீர்மானித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அடிப்படை விவரங்கள் சுருக்கமாக. உலாவியில் கணக்கு எதுவும் தொடங்காமலே வேலை செய்யலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனிச் செயலி உண்டு, அது இணையம் இல்லாமலும் ஓடும். கோப்பை உங்கள் கணினியிலோ கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், கிட்ஹப் போன்ற இடங்களிலோ வைத்துக்கொள்ளலாம். 2020இல் டயகிராம்ஸ்.நெட் என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் பிறகு டிரா.ஐஓ என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

இனி குறியீடுகளுக்கு வருவோம். முதல் சிக்கலே இங்கேதான். ஃப்ளோசார்ட் குறியீடுகளுக்கு 1985இல் வந்த ஐஎஸ்ஓ 5807 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. தரவு, நிரல், முறைமை என்று தொடங்கி ஐந்து வகை வரைபடங்களை அது பிரித்துக் காட்டுகிறது. தகவல் முறைமையை ஆவணப்படுத்தும்போது நமக்குத் தேவை பெரும்பாலும் முறைமை வகை. எந்தத் தகவல் தாளில் வருகிறது, எதை ஆள் கையால் செய்கிறார், எதைக் கணினி செய்கிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்பதெல்லாம் அதில் வடிவத்திலேயே தெரிய வேண்டும். அடிப்பக்கம் அலையாக வளைந்தால் தாள் ஆவணம். மேல் அகன்று கீழே குறுகும் சரிவகம் கைவேலை. மேல்கோடு சாய்ந்த பெட்டி விசைப்பலகையில் தட்டி உள்ளிடுவது. எல்லாவற்றுக்கும் ஒரே செவ்வகத்தைப் போட்டு உள்ளே வார்த்தையால் நிரப்பினால், எங்கே மனிதத் தவறு நுழையும், எங்கே நுழையாது என்ற தகவல் முழுவதும் காணாமல் போய்விடும்.

டிரா.ஐஓவின் 'ஃப்ளோசார்ட்' தொகுப்பில் இந்தக் குறியீடுகள் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. ஆனால் 'ஜெனரல்' தொகுப்பிலும் செவ்வகம், சாய்சதுரம், இணைகரம், ஆவணம், உருளை எல்லாம் இருப்பதால் அவசரத்தில் இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றி எடுத்துவிடுவோம். ஃப்ளோசார்ட் தொகுப்பின் வடிவங்களுக்குக் கோட்டுத் தடிமன் 2, ஜெனரல் தொகுப்புக்கு 1. ஒரே பக்கத்தில் சில பெட்டிகள் தடிமனாகவும் சில மெலிதாகவும் நின்றால், தடிமனாக இருப்பது ஏதோ முக்கியமான படி என்றுதான் படிப்பவர் நினைப்பார். போதாததற்கு, ஃப்ளோசார்ட் தொகுப்பின் செயல் பெட்டி மூலை மழுங்கி வருகிறது. தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் நீள்வட்டப் பெட்டியோடு அதைக் குழப்பிக்கொள்வது மிக எளிது. மூலையைக் கூராக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, தலைகீழ் முக்கோணம். தொகுப்பில் ஒரே வடிவத்துக்கு 'இணைப்பு அல்லது சேமிப்பு' என்று இரண்டு பொருள் கொடுத்திருக்கிறார்கள். கணக்குத் தணிக்கையாளர்களின் வழக்கத்தில் அந்த முக்கோணம் தாள்களைக் கோப்பில் போட்டு வைப்பதைக் குறிக்கும். அகரவரிசையில் அடுக்கினால் உள்ளே 'ஏ', எண்வரிசை என்றால் 'என்', தேதிவரிசை என்றால் 'டி'. இந்த ஒற்றை எழுத்து இல்லாவிட்டால், நடுவில் ஒரு எண் விடுபட்டதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பது தெரியாது. எனவே எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்ற விளக்கக் குறிப்பை ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் வைத்தே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் சரியான வழி, சொந்த வடிவத் தொகுப்பு ஒன்றை உருவாக்குவது. பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் போதும். அளவு, தடிமன், எழுத்துரு எல்லாம் முடிவுசெய்து 'நியூ லைப்ரரி'யில் இழுத்துப் போட்டுச் சேமித்தால், குழு முழுவதும் அந்தக் கோப்பைத் திறந்து பயன்படுத்தலாம். இதில் ஒரு குறை உண்டு. தொகுப்பிலிருந்து இழுத்தது வெறும் நகல். பிறகு தொகுப்பில் வடிவத்தை மாற்றினால், ஏற்கெனவே வரைந்த பக்கங்களில் அது மாறாது. மைக்ரோசாஃப்டின் வரைபட மென்பொருளான விசியோவில் மூல வடிவத்தைத் திருத்தினால் அந்தக் கோப்பில் உள்ள பிரதிகளும் திருந்தும். நூறு பக்க ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஆகவே தொகுப்பைப் பொறுமையாகச் செய்துமுடித்த பிறகே வரையத் தொடங்குங்கள்.

நடைமுறையில் எப்படி வரும் என்று பார்க்கக் கொள்முதலை எடுத்துக்கொள்வோம். கேட்கும் துறை, கொள்முதல் பிரிவு, கிடங்கு, கணக்குப் பிரிவு, விற்பவர் என ஒவ்வொருவர் வேலையையும் தனித்தனியாகக் காட்டும் ஐந்து பாதைகள். தேடல் பெட்டியில் 'ஸ்விம்லேன்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வேண்டிய வடிவங்கள் வரும். பர்ச்சேஸ் ஆர்டர் நான்கு நகல் என்று வைத்துக்கொண்டால், பல தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது போன்ற ஆவணக் குறியீட்டைப் போட்டு 1 முதல் 4 வரை எண்ணிடுங்கள். ஒன்று விற்பவருக்கு, ஒன்று கணக்குப் பிரிவுக்கு, ஒன்று கொள்முதல் பிரிவின் கோப்புக்கு, ஒன்று கிடங்குக்கு. கிடங்குக்குப் போகும் நகலில் எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருக்கும். வந்த சரக்கை ஊழியர் உண்மையிலேயே எண்ணட்டும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. 'எண்ணிக்கை இல்லாத நகல்' என்று பெட்டியிலேயே எழுதாவிட்டால், அடுத்த முறை படிவத்தைத் திருத்துபவர் அந்தக் காலியிடத்தைப் பிழை என்று நினைத்து நிரப்பிவிடுவார். தவறைத் தடுக்க வைத்த ஒரு கட்டுப்பாடு சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இன்வாய்ஸ் வந்ததும் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிடும் இடத்தில், ஆமா இல்லையா என்று முடிவெடுப்பதைக் காட்டும் ஒரு சாய்சதுரம் வரும். 'ஆம்' கோடு பணம் கொடுக்கும் படிக்குப் போகிறது. 'இல்லை' கோடு எங்கே போகிறது? இந்த வகை வரைபடங்களில் அடிக்கடி விடுபடுவது அந்தக் கோடுதான். விலை வேறுபட்டால் கொள்முதல் பிரிவுக்கு, எண்ணிக்கை குறைந்தால் கிடங்குக்கு என்று இரண்டு வழி இருக்கலாம். அப்படியானால் சாய்சதுரமும் இரண்டு வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளைத் தாண்டி, ஒழுங்கு தவறும் நாளில் யார் என்ன செய்வார் என்பதையும் சொன்னால்தான் அது ஆவணம்.

பாதைக்குள் பெட்டியை வைக்கும்போது கவனம் தேவை. பெட்டியை இழுத்து வரும்போது பாதையின் விளிம்பு நிறம் மாறினால்தான் அது பாதைக்குச் சொந்தமாகிறது. இல்லையென்றால் பார்வைக்கு மேலே உட்கார்ந்திருக்குமே தவிர, பாதையை நகர்த்தும்போது கூட வராது. ஒவ்வொரு பாதையையும் ஒரு முறை சற்று நகர்த்திப் பாருங்கள், எது பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு கன்ட்ரோல் இசட் போட்டுப் பழையபடி கொண்டுவந்துவிடலாம்.

கோடுகள் இரண்டு வகை. பெட்டியின் விளிம்பு முழுவதும் நீலமாக ஒளிரும்போது விட்டால் மிதக்கும் இணைப்பு. பெட்டியை எங்கே நகர்த்தினாலும் கோடு வசதியான பக்கத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். விளிம்பிலுள்ள சிறு புள்ளி பச்சையாகும்போது விட்டால் நிலையான இணைப்பு, அது அந்தப் புள்ளியை விட்டு நகராது. சாதாரணப் பெட்டிகளுக்கு மிதக்கும் இணைப்பே நல்லது. சாய்சதுரத்துக்கு மட்டும் கண்டிப்பாக நிலையானதையே போடுங்கள். இல்லாவிட்டால் பெட்டிகளை இடம் மாற்றிய பிறகு 'ஆம்', 'இல்லை' இரண்டும் ஒரே மூலையிலிருந்து கிளம்பி ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்வதைத் தவிர்க்க முடியாத இடத்தில், ஸ்டைல் பலகையில் 'லைன் ஜம்ப்ஸ்' என்பதை வளைவாக மாற்றினால் ஒரு கோடு மற்றதைத் தாண்டிப் போவது தெளிவாகத் தெரியும்.

வரைபடத்தின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்து, வேண்டாதபோது மறைத்துவைக்க உதவும் அடுக்கு (லேயர்) வசதி எனக்கு மிகவும் பிடித்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடுக்குகளின் பட்டியல் வரும். அடிப்படை ஓட்டத்தை ஒரு அடுக்கிலும், கட்டுப்பாட்டு எண்களையும் இடர்க் குறிப்புகளையும் இன்னொரு அடுக்கிலும் வையுங்கள். புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு முதல் அடுக்கு மட்டும், தணிக்கையாளருக்கு இரண்டும் என்று ஒரே கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டு, நிறுவன நிதி அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் போன்ற விதிகளுக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இந்தக் கருவியைப் பரிந்துரைக்கலாம். பெட்டியைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் எம் அழுத்தினால் பொறுப்பாளர் பதவி, நிரலின் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி போன்ற விவரங்களை அதனுள்ளேயே பதியலாம். ஆளின் பெயரை எழுத வேண்டாம், பதவியை எழுதுங்கள். ஆள் மாறினாலும் பதவி மாறாது.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சரிபார்ப்பைத்தான். ஒரே வழி மட்டும் வெளியேறும் சாய்சதுரம், எங்கும் போய்ச் சேராத ஆவணம், பெட்டியைத் தொடாமல் அருகில் நின்றுவிட்ட அம்புக்குறி என எதையும் இது சுட்டிக்காட்டாது. விசியோவின் உயர் பதிப்புகளில் விதிப்படி சோதிக்கும் வசதி இருக்கிறது. டிரா.ஐஓவில் அதைக் கையால்தான் செய்ய வேண்டும். வரைந்தவரைத் தவிர வேறு ஒருவர், ஒரு தாளின் மேல் விரலை வைத்து அது கோப்பில் போய் விழும்வரை தொடர்ந்து போகட்டும். நான்கு நகல் என்றால் நான்கு முறை. வணிக நடைமுறைகளை வரைவதற்கான பிபிஎம்என் 2.0 குறியீடுகளும் இதில் இருக்கின்றன, ஆனால் அவையும் வெறும் படங்களே. வரைபடத்தை அப்படியே இயக்கிப் பார்க்க வேண்டுமென்றால் வேறு கருவிதான் தேட வேண்டும்.

கோப்பு எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் சேமிக்கப்படுவதால், மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்கும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் நிரலோடு சேர்த்தே வைக்கலாம். கோப்புப் பண்புகளில் 'கம்ப்ரெஸ்டு' என்பதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், அப்போதுதான் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் படிக்க முடியும். அப்படியும் ஒரு பெட்டியை நகர்த்தினால் ஆள்கூறுகள் மாறிப் பட்டியல் நீளும். 'கடன் வரம்புச் சோதனை சேர்க்கப்பட்டது' என்பது போல ஒரு வரிக் குறிப்பு இல்லாமல் எதையும் உள்ளே விடாதீர்கள்.

படமாக வெளியே அனுப்புவதில் இரண்டு பொறிகள். எஸ்விஜி வகைப் படக் கோப்பைச் சில மென்பொருள்களில் திறந்தால் எழுத்துகள் காணாமல் போய், காட்ட முடியவில்லை என்ற செய்திதான் வரும். எழுத்துப் பலகையில் 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்', 'வேர்டு ராப்' இரண்டையும் அணைத்துவிட்டு ஏற்றுமதி செய்தால் சரியாகும். இரண்டாவது பொறி ஆபத்தானது. பிஎன்ஜி வகைப் பட ஏற்றுமதியில் வரைபடத்தின் நகலைப் படத்துக்குள்ளேயே புதைத்து வைக்கும் தெரிவு இருக்கிறது. அந்தப் படத்தை மீண்டும் டிரா.ஐஓவில் திறந்து திருத்தலாம் என்பதால் உள்ளுக்குள் பயன்படுத்த அருமை. ஆனால் மறைத்து வைத்த அடுக்கும், கன்ட்ரோல் எம்மில் பதிந்த விவரங்களும் சேர்ந்தே போகும். உங்கள் கட்டுப்பாடு எங்கே பலவீனமாக இருக்கிறது என்ற குறிப்பு, விற்பவருக்கு அனுப்பிய படத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியாருக்கு அனுப்பும்போது அந்தத் தெரிவை எடுத்துவிட்டு அனுப்புங்கள். தணிக்கைக் குறிப்புகள் உள்ள கோப்புகளைத் தனிச் செயலியில் மட்டும் திறப்பது நல்லது.