மாங்காய் சீசன் பணத்தில் வாங்கிய 10-18 லென்ஸ்

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் லாரி, எடைச் சீட்டு, கமிஷன் என்று தலைதூக்க முடியாது. சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நிற்கும்போதுதான் கேமரா பையைத் திறப்பேன். கேமரா கேனன் 700டி. ஐந்து வருடம் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸை வைத்தே மலை, ஏரி, பாறை எல்லாம் எடுத்தேன். (இந்த எண்கள் மில்லிமீட்டரில் லென்ஸின் குவியத் தூரம். எண் சிறுத்தால் காட்சி அகலும், பெருத்தால் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும்.) போன சீசன் பணத்தில் பழையதாக 9,500 ரூபாய்க்கு வாங்கியதுதான் இந்த கேனன் இஎஃப்-எஸ் 10-18 எஸ்டிஎம் லென்ஸ். ஒரு வருடம் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

வாங்க வைத்தது ஒகேனக்கல். தொங்குபாலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குள் பாறை, பிளவு, அருவி, மேலே காடு எல்லாம் ஒரே வீச்சில் வருகிறது. கேமராவில் 18-ல் வைத்தால் அருவி வரும், பாறை வெட்டுப்படும். பின்னால் நகரலாம் என்றால் பாலத்தில் எங்கே நகர்வது?

லென்ஸ் பார்க்கப் போன ஒரு கடையில் கேனனின் உயர்ரக எல் சீரிஸில் 17-40 லென்ஸை எடுத்து வைத்தார்கள். சிவப்பு வளையம் போட்டது, நாளைக்குப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினாலும் உதவும் என்றார் கடைக்காரர். நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கேமராவில் மாட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கிட் லென்ஸின் 18-ல் தெரிந்த அதே காட்சிதான் இதிலும் தெரிந்தது. என் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது, இதைத்தான் க்ராப் என்பார்கள். ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட்டுப் பார்க்க 1.6 ஆல் பெருக்க வேண்டும். 17 என்பது 27 ஆகிவிடும். 10 என்றால் 16. க்ராப் கேமரா வைத்திருப்பவர் அகலம் தேடும்போது 10 அல்லது 11-ல் தொடங்கும் லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். என்றைக்கோ வாங்கப்போகும் கேமராவுக்காக இன்றைக்குப் பணத்தைப் போடாதீர்கள்.

18-லிருந்து 10 என்றால் வெறும் எட்டு மில்லிமீட்டர்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். மூலைக்கு மூலை கோணம் 74 டிகிரியிலிருந்து 107 டிகிரிக்குப் போகிறது. வ்யூஃபைண்டரில் முதல் தடவை பார்த்தபோது என் செருப்பு நுனி தெரிந்தது.

எடை 240 கிராம். மலை ஏறுகிறவனுக்கு இது பெரிய விஷயம். கேனனின் பழைய 10-22 லென்ஸ் 385 கிராம், டோக்கினா 11-16 அரை கிலோவுக்கு மேல். நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு டோக்கினாவின் எஃப் 2.8 வேண்டும், சரி. (எஃப் எண் ஒளி புகும் துளையின் அளவு, எண் சிறுத்தால் துளை பெரிது.) நான் எடுப்பது விடிகாலையும் சாயங்காலமும். எனக்கு எஃப் 8 போதும்.

அந்த எஃப் 8-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 10-ல் எஃப் 8 வைத்து முக்கால் மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், காலடியில் இருக்கும் கல்லிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். எஃப் 16, எஃப் 22 என்று போக வேண்டிய அவசியமே இல்லை. போனால், துளை சிறுத்து ஒளி விரியும் டிஃப்ராக்‌ஷனால் படம் மழுங்கத்தான் செய்யும். இதை மல்லச்சந்திரம் கற்திட்டைகளில்தான் கற்றுக்கொண்டேன். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னங்கள் அவை. தூரத்தில் நின்று முழுக் குன்றையும் எடுத்த படங்களில் கற்திட்டைகள் தீப்பெட்டி மாதிரி சிறுத்துப் போயிருந்தன. அப்புறம் உட்கார்ந்து, ஒரு கல் விளிம்பிலிருந்து இரண்டு சாண் தள்ளி கேமராவை வைத்தேன். அந்தக் கல்லின் சொரசொரப்பு முன்னால், மற்றவை பின்னால் வரிசையாக, மேலே மேகம். இந்த லென்ஸ் 22 சென்டிமீட்டர் வரை நெருங்கவிடும். நெருங்கினால்தான் இது வேலை செய்யும். கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் மேலே தூக்கினாலும் கற்கள் பின்னால் சாய்கிற மாதிரி வரும்.

ஒகேனக்கலுக்கு வருவோம். மெயின் அருவிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ட்ரைபாட் விரிக்க இடம் கிடைக்காது. கம்பியில் சாய்ந்துகொண்டு கையிலேயே கால் வினாடி எடுத்தேன். லென்ஸில் இருக்கும் இமேஜ் ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத் தாங்குகிறது. ஐந்து எடுத்தால் இரண்டில் பாறை கூர்மையாகவும் தண்ணீர் பட்டு மாதிரியும் வரும். பரிசலில் அது செல்லாது. பரிசலே சுழலும்போது ஸ்டெபிலைசர் என்ன செய்யும்? ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றி 1/500 வினாடிக்குப் போய்விடுங்கள். "அண்ணா, கொஞ்சம் பாறை ஓரமா நிறுத்துங்க" என்று கேட்டேன். பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு, "சீக்கிரம் எடு தம்பி, இங்க நீர் இழுக்கும்" என்றார். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே பரிசலின் வளைந்த விளிம்பு, எதிரே அருவி. மண்டிச் சுவரில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சாரல் துளி கண்ணாடியில் விழுந்தால் இந்த அகலத்தில் அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

வத்தல்மலையில் இது என்னைக் கைவிட்டது. அடிவாரத்திலிருந்து மலை எவ்வளவு பெரிதாக எழுந்து நிற்கிறது! 10-ல் எடுத்தால் அது அடிவானத்தில் ஒரு பென்சில் கோடு. அடுக்கடுக்காக நீலமாகப் போகும் மலைகளுக்கு 55-250 லென்ஸ்தான் சரி. நிலக்காட்சி என்றாலே அகல லென்ஸ் என்று சொல்வதை நான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. மாந்தோப்பு வரிசைகளுக்குப் பின்னால் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை நிற்கும் படத்தையும் 135-ல்தான் எடுத்தேன். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்ட படங்கள் அதிகமா, தூரத்து மலை சிறுத்துப்போன படங்கள் அதிகமா? இரண்டாவது என்றால் 10-18 வேண்டாம்.

குறைகள் உண்டு. கேமராவில் மாட்டும் வளையம் (மவுண்ட்) பிளாஸ்டிக். ஒரு வருடத்தில் ஆட்டம் எதுவும் வரவில்லை, ஆனாலும் மாட்டும்போது கை பதமாகத்தான் போகிறது. ஃபோகஸ் வளையம் மோட்டாரில் ஓடுவதால், கேமரா அணைந்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. தூர அளவுக் குறியும் கிடையாது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் இருட்டிய பிறகு அந்த முக்கால் மீட்டரைக் குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. ஃபில்டர் 67 மி.மீ., கிட் லென்ஸின் 58 சேராது, புதிதாக வாங்க வேண்டும். போலரைசர் ஃபில்டரை 10-ல் போட்டால் வானத்தின் நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழும். நான் பாறையின் ஈரப் பளபளப்பைக் குறைக்க மட்டும் போடுகிறேன். ஓரங்களில் வரும் வளைவையும் இருட்டையும் கேனன் இலவசமாகத் தரும் டிபிபி மென்பொருள் சரிசெய்துவிடுகிறது.

நிக்கான் க்ராப் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதே ஜாதியில் 2017-ல் வந்த ஏஎஃப்-பி 10-20 இருக்கிறது, 230 கிராம். கேனன் ஆர்50 மாதிரி புதிய மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் 2023-ல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18-ஐப் பார்க்கலாம், அது 150 கிராம்தான். 700டி, 200டி, 1500டி வகை கேமராக்களுக்கு நான் சொல்லும் லென்ஸ் போதும். பழையது வாங்கினால், எஃப் 8-ல் ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். நான் முதலில் பார்த்தது அப்படித்தான் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது வைத்திருப்பது இரண்டாவது.