சேலத்துக்கு விமானம்: தெற்கே போக வடக்கே ஓடு

பெங்களூருக்கு வடக்கே இருக்கும் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் வரை ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணியை ஒட்டிப் போட்டிருக்கிறது. இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. கணக்குப்படி இருபது நிமிடத்தில் போய்விட வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அந்த ஒரு மணிக்குள் அடக்கம்.

அடங்காதது என் வீடு. பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் சாலையில் சந்தாபுராவில் குடியிருக்கிறேன். சேலம் பஸ் எங்கள் பகுதியைத் தாண்டித்தான் போகிறது. விமானம் ஏறவோ சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஊரையே குறுக்காகக் கடந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். அதற்கே இரண்டு மணி நேரம். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள் என்பதால் அதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். காமலாபுரத்தில் இறங்கினால் டாக்சி. அஸ்தம்பட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸில் வந்திருந்தால் சாப்பாட்டு நேரத்துக்கே வந்திருப்பீர்களே, மாப்பிள்ளை!" ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் என்று பஸ் நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடும். அவர் சொன்னது நியாயம்தான்.

ஆனால் பறந்த நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். பின்பக்கப் படியில் ஏறி, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று எழுபது சொச்சம் இருக்கைகள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் எதுவும் மறைப்பதில்லை. பெரிய ஜெட் விமானங்கள் அளவுக்கு உயரம் போவதில்லை. பாறைக் குன்றுகளும் வற்றிய ஏரிகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. வலப்பக்கம் உட்காருங்கள்: இறங்கும் முன் மேட்டூர் நீர்த்தேக்கம் கை கையாக விரிந்து கிடக்கும். இடப்பக்கக்காரர்களுக்குச் சேர்வராயன் மலை. விசிறிக்கு நேரான முன்வரிசைகளில் இரைச்சல் அதிகம். பின்வரிசை கேட்டு வாங்குங்கள், முதலில் இறங்கவும் செய்யலாம்.

ஒரு மனக்குறை. மேலே பெட்டி வைக்கும் இடம் சிறியது என்று படியருகிலேயே என் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருந்தால் மடிக்கணினியை அவசர அவசரமாக உருவியிருக்க வேண்டாம். சேலத்தில் பெட்டி உடனே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எலஹங்கா, ஹெப்பால் பக்கம் இருப்பவர்களும், டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்து இங்கே விமானம் மாறுபவர்களும் தாராளமாகப் போகலாம். ஓசூர் சாலைவாசிகளுக்கு வேண்டாம். அவர்களுக்கு 2023 டிசம்பரில் தொடங்கிய கோவை வந்தே பாரத் ஓசூரிலேயே நிற்கிறது.

தூத்துக்குடி வேறு கதை. அதன் விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் வரை ஆகாயத்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சாலையில் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். அதற்குச் சந்தாபுராவிலிருந்தும் விமானம்தான். திருநெல்வேலிக்காரர்களுக்கும் அதே நிலையம் போதும்.