கொழுப்பு காட்டும் எடை மிஷின்: ஒரு டெய்லரின் ரிவ்யூ

ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். எடைக்கு இரண்டு, கண்ணாடி கெட்டியாக இருப்பதற்கு அரை. கொழுப்புச் சதவீதத்துக்கு ஒன்றும் கிடையாது.

திண்டுக்கல்லில் 26 வருடமாக பேண்ட் சட்டை தைக்கிறேன். 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தபோது 97 கிலோ இருந்தேன். ஆக்ஸிஜன் 89க்கு இறங்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தொப்பைக்காரனுக்கு அது லேசுப்பட்ட காரியமா? நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்து, நடுவில் தொப்பையைத் தொங்கவிட்டார் அந்த நர்ஸம்மா. அப்புறம்தான் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மல்லாந்து படுத்தால் தொப்பை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசையை மேலே தள்ளி நுரையீரலை நெருக்குமாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை சார் என்றார். உப்பிப்போன கொழுப்புச் செல்களைச் சுற்றி எதிர்ப்பு அணுக்கள் கூடிக்கொண்டு, ஐஎல்-6, டிஎன்எஃப் மாதிரி அழற்சிச் சாமான்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம். நான் புரிந்துகொண்டது: ஓவர்லாக் மிஷினை நாள் பூரா அணைக்காமல் விட்டது மாதிரி, உடம்பு ஏற்கெனவே சூட்டில் ஓடுகிறது. வைரஸ் வந்ததும் அந்தச் சூடு எகிறி, நுரையீரல், கிட்னி, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கிறது. ரத்தம் உறைகிற ஆபத்தும் கூடுகிறது. 2009 பன்றிக்காய்ச்சலிலேயே குண்டானவர்கள் அதிகம் சீரியஸ் ஆனதைக் கவனித்திருக்கிறார்கள். கொரோனா வைரஸ் கொழுப்புத் திசுவுக்குள்ளேயே புகுந்து தொற்றும் என்றும் 2022இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒல்லியானவர்களும் போனார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை.

சரி, மிஷினுக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு மகள் ஆன்லைனில் வாங்கித் தந்தாள், 1,450 ரூபாய். வெறுங்காலோடு ஏறி நின்றால் ஒரு காலில் மெல்லிய கரண்ட்டை ஏற்றி மறு காலில் இறக்குகிறது. அந்தக் கரண்ட்டுக்கு உடம்பு கொடுக்கும் தடையை வைத்து, நாம் போட்ட வயசு, உயரத்தையும் சேர்த்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. கரண்ட் போவது காலிலிருந்து காலுக்கு. அது வயிற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் 'உள்ளுறுப்புக் கொழுப்பு 14' என்று சிவப்பில் காட்டுகிறது!

ஒரே நாளில் பார்த்தேன். காலையில் 34.1 சதவீதம், ராத்திரி கடை சாத்திவிட்டு வந்து ஏறினால் 31.6. கட்டிங் டேபிள் முன்னால் நின்றே இரண்டரை சதவீதம் கரைந்துவிட்டதா? உடம்பில் தண்ணீர் ஏறி இறங்கினாலே இது மாறும். மகன் விளையாட்டாக ஆப்பில் 'விளையாட்டு வீரர்' என்று மாற்றினான், 26க்கு வந்துவிட்டேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக் கூடாது. அந்த எச்சரிக்கை எறும்பு எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இதற்கு என் கழுத்தில் தொங்கும் டேப்பே மேல். ஆனால் அளவெடுக்கும் இடம் முக்கியம். கடைக்கு வரும் முக்கால்வாசிப் பேர் "எனக்கு இடுப்பு 36தான் அண்ணே" என்பார்கள். பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் 36தான் வரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபிறகு பார்த்தால் அதே ஆள் 42 இருப்பார். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்சுக்கு மேல் போனால் கவனிக்கச் சொல்கிறார்கள், பெண்களுக்கு 80. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடுகிற பிஎம்ஐயும் நமக்கு 25 தாண்டினாலே உடல் பருமன்தான், 30 வரை காத்திருக்க வேண்டாம். நான் 45 இஞ்சிலிருந்து 40க்கு வந்திருக்கிறேன். எடை 86. இன்னும் பாக்கி இருக்கிறது.

எடையை மட்டும் இந்த மிஷின் சரியாகச் சொல்கிறது. புது சிலிண்டர் வந்ததும் வீட்டம்மா அதைத்தான் முதலில் ஏற்றுகிறார். மேலே போட்டிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டிப் பார்த்தால் நூறு கிராம் முன்னே பின்னே வருகிறது. போன வாரம் பழக்கதோஷத்தில் நான் ஆப்பைத் திறந்தேன். சிலிண்டருக்கு என்ன வயசு என்று கேட்டது.