200 லிட்டர் டிரம் சொட்டுநீர்க் கிட்: கூட்டுத் தோட்டத்துக்குச் சரிப்படுமா?

மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். டிரம்மை உயரத்தில் தூக்கி வைத்தால் போதும், தண்ணீர் தானாக இறங்கிச் செடிக்குச் சொட்டும். டிரம், ஃபில்டர், 32 மி.மீ. சப்மெயின் (டிரம்மிலிருந்து வரும் பெரிய குழாய்), 16 மி.மீ. லேட்டரல் (அதிலிருந்து பாத்திக்குள் பிரியும் சிறு குழாய்), இரண்டையும் இணைக்கும் டேக் ஆஃப், இணைப்பு ஒழுகாமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட், குழாய் நுனியை மூடும் எண்ட் கேப் என்று கிட்டில் இருப்பவையும் எளிய சாமான்கள்தான். தனி ஆள் தோட்டத்துக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பொது நிலத்தை நாலு பேர் பங்கிட்டுப் பயிர் செய்யும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். முதல் பாத்திக்கும் கடைசிப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர் போனால்தான் அங்கே இந்தக் கிட் தேறும். போக வைக்க முடியும். ஆனால் பெட்டியில் வருவதை அப்படியே மாட்டினால் போகாது.

முதலில் பரப்பு. 200 லிட்டர் டிரம் 100 சதுர மீட்டருக்குப் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காய்கறிக்கு வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 4 முதல் 6 லிட்டர் தேவை. 5 லிட்டர் என்று வைத்தால் ஒரு முறை நிரப்பினால் 40 சதுர மீட்டர் நனையும். தலா 10 சதுர மீட்டர் வீதம் நாலு பங்கு. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டாம் முறை நிரப்ப வேண்டும், அல்லது இரண்டாவது டிரம்.

அடுத்தது ஸ்டாண்டு. வாங்குபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். ஒரு மீட்டர் உயர நீர் தருவது 0.1 பார் அழுத்தம் மட்டுமே. தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பரில் எழுதியிருக்கும் மணிக்கு 2 லிட்டர் என்பது பெரும்பாலும் 1 பாருக்கான கணக்கு. குழாய்க்குள்ளேயே பதித்து வரும் சாதாரண இன்லைன் டிரிப்பர் 0.1 பாரில் 0.6 லிட்டர் சொச்சம்தான் தரும். இதில் குறையில்லை, மெதுவாக இறங்குவது மண்ணுக்கு நல்லதே. சிக்கல், டிரம் காலியாகக் காலியாக அழுத்தமும் குறைவது. டிரம் 90 செ.மீ. உயரம் என்றால், 30 செ.மீ. ஸ்டாண்டில் வைக்கும்போது நிறைந்த டிரம்மின் வேகம் காலியாகும் நேரத்து வேகத்தைப் போல இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் ஸ்டாண்டில் வைத்தால் வித்தியாசம் 1.4 மடங்காகச் சுருங்கும். மேடு பள்ளமும் அப்படித்தான். 30 செ.மீ. நீர் உயரமே மிச்சமிருக்கும்போது 10 செ.மீ. மேட்டிலுள்ள பாத்திக்கு 18 சதவீதம் குறையும்; ஒரு மீட்டர் இருந்தால் 5 சதவீதம்தான். ஆகவே ஒரு மீட்டருக்குக் குறையாத ஸ்டாண்டு. நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் நிற்கும் என்பதால் கால்களுக்கு அடியில் பலகைக்கல் போடுங்கள், இல்லையென்றால் ஈர மண்ணில் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

பி.சி. டிரிப்பர் இருக்கும் கிட்டை வாங்க வேண்டாம். அழுத்தத்தைச் சமன் செய்யும் அந்த வகை வேலை செய்யவே பொதுவாக 0.5 பாருக்கு மேல் வேண்டும். விலை உயர்ந்த சாமான், இங்கே வீண்.

பங்கீட்டுக்கு வருவோம். பெட்டியில் பெரும்பாலும் ஒரே ஒரு வால்வுதான் வரும். பாத்திக்கு ஒன்றாகப் பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) தனியாக வாங்கிப் போட வேண்டும். டிரம்மை மூலையில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு லேட்டரலும் 10 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரிப்பர் எண்ணிக்கையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பாத்திகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து முறை வைப்பது அநியாயமாக முடியும். 10 சதுர மீட்டர் பாத்தியில் 50 செ.மீ.க்கு ஒரு வரிசை, வரிசையில் 30 செ.மீ.க்கு ஒன்று என 67 டிரிப்பர் இருந்தால், ஒரு மீட்டர் ஸ்டாண்டில் முதல் 50 லிட்டர் இறங்கக் கணக்குப்படி 53 நிமிடம், கடைசி 50 லிட்டருக்கு 67 நிமிடம். மணிக்கு மணி மாற்றினால் கடைசி ஆள் ஏமாறுவார் (புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் வழக்கமாகக் கடைசி முறை கிடைக்கும்). டிரம்மின் வெளியில் நாலு சம கோடு போட்டுக் கோட்டுக்குக் கோடு வால்வை மாற்றுங்கள். கோடுகளை அடியிலிருந்து அளக்காமல் வெளியேறும் துளையின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். வண்டல் தங்க அடியில் 5 செ.மீ. விட்டுத்தான் துளை இருக்கும்.

சோதிப்பது சுலபம். முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் அடியில் ஒரே மாதிரி டம்ளரை வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். கடைசி டம்ளரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் குழாய் நீளம் அதிகம், அல்லது மேடு, அல்லது அடைப்பு.

அடைப்பு இந்தக் கிட்டின் பரம வைரி. 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) ஃபில்டர் அவசியம், அதை வாரம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஃபில்டரில் சேரும் கொஞ்சம் பாசியே ஓட்டத்தைப் பாதியாக்கிவிடும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம்மில் பாசி பிடிக்கும் என்பதால் கருப்பு டிரம்மே நல்லது, மூடியும் வேண்டும். மாதம் ஒரு முறை எண்ட் கேப்பைத் திறந்து தெளிவான நீர் வரும்வரை ஓட விடுங்கள். உப்புப் படிந்த டிரிப்பரை வினிகரில் ஊற வைத்தால் திறக்கும். இரும்புச் சத்துள்ள நீரை ஒரு ராத்திரி டிரம்மில் தெளிய விட்ட பிறகே திறக்க வேண்டும். சாணக் கரைசல், மக்கு உரக் கரைசல் எதையும் இதில் ஊற்றாதீர்கள், எவ்வளவு வடிகட்டினாலும் சரி. டிரிப்பர் துளை மேல்நோக்கி இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் டிரம் காலியாகும்போது சேற்றை உறிஞ்சும்.

குத்தகை எப்போது முடியுமோ என்ற நிலையில் பயிர் செய்பவர்களுக்கு இதன் பெரிய பலம், சுருட்டி எடுத்துப் போகலாம் என்பது. அதற்கு 1 மி.மீ. தடிப்புள்ள குழாயாக வாங்குங்கள். மெல்லிய டிரிப் டேப் (நாடா போன்ற சொட்டுநீர்க் குழாய்) குறைந்த அழுத்தத்தில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் களைக்கொத்து பட்டாலே கிழியும், எலியும் கடிக்கும். ஸ்டாண்டையும் சிமெண்டில் கட்டாமல் போல்ட் போட்ட இரும்பிலோ மரத்திலோ செய்தால் கூடவே வரும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற வரிசைப் பயிருக்கு நிறைவான பொருள். அடர்த்தியாகத் தூவி விதைக்கும் கீரைக்கு ஆகாது, குறிப்பாக மணல் மண்ணில் துளிகளுக்கு இடையே காய்ந்தே கிடக்கும். நேரடியாக விதைக்கும் எந்தப் பயிருக்கும் முளைக்கும்வரை பூவாளி வேண்டும். கிட்டோடு கிராமெட்டும் டேக் ஆஃபும் பத்துப் பத்து கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். துளையிட அதற்குரிய ‘பஞ்ச்’ (punch) கருவியை விட்டு ஆணியோ கத்தியோ வைத்தால் துளை பெரிதாகி இணைப்பு ஒழுகும்.