போனில் பெரட்டு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பு) எடுக்கும் செயலி: ஆறு மாத அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, வேலையாட்கள் பதினொரு பேர். ஆள் எடுப்பது, ஷிப்ட், வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு எல்லாம் ஒரே செயலியில், தலைக்கு மாதம் 8 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். சரி என்று போட்டுவிட்டேன்.

ஆள் எடுக்கும் பகுதி தண்டம். ஒரே மாதத்தில் நாற்பது விண்ணப்பம், பாதிக்கு மேல் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. இங்கே தோட்டத்து லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாட்சப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டால் மறுநாள் காலை யாராவது அம்மாவோடு வந்து நிற்பார்கள், கடைசியாகச் சேர்ந்த மூன்று பேரும் அப்படி வந்தவர்கள்தான். விளம்பரமே வேண்டுமென்றாலும் சொக்சோவின் (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மைபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்தில் காசில்லாமல் போடலாமே.

ஷிப்ட் அட்டவணைக்காகத்தான் இன்னும் பணம் கட்டுகிறேன். முன்பெல்லாம் நாளைக்கு யார் காலை, யார் மாலை என்பதை இரவு பத்து மணிக்குக் கடை கழுவும்போது சொல்லுவேன் (என் தப்புதான்), இப்போது இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லார் போனிலும் இருக்கிறது. தோசைக்கல்லில் நிற்கும் அக்காவின் வீட்டுக்காரர் விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய்விடுவார், பிள்ளையைப் பள்ளியில் விட ஆளில்லை என்று அக்கா வேலையையே விடப் பார்த்தார். இப்போது என்னிடம் கெஞ்சாமல், செயலியிலேயே இன்னொருவரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார். இந்த ஆறு மாதத்தில் நின்றது ஒரே ஒருவர், அதுவும் கல்யாணமாகி கூலிம் போனதால். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ஐந்து பேர் நின்றார்கள்.

சம்பளக் கணக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான், செயலியோ பழைய 48-ஐ வைத்துக்கொண்டு வந்தது. எங்கள் கடையில் ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். 1,700 வெள்ளி சம்பளத்தை 26 நாளாலும் 7.5 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 8.72, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 13.08. அப்படியானால் 48 மணி நேரம் நின்றவருக்கு வாரம் 39 வெள்ளிக்கு மேல் விட்டுப்போகிறது! இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, கல்லாவில் இருக்கும் பெண், தன் மணிக்கணக்கைப் போனில் பார்த்துவிட்டுத் தாளில் போட்டுக் காட்டினாள். பாக்கியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். செக்ரோல் (சம்பளப் பதிவேடு) தோட்டத்துக் கிராணி (கணக்கர்) கையிலேயே இருந்த காலத்தில் யார் கேட்டிருப்பார்கள்?

வருகைப் பதிவு செய்யும் போன் சமையற்கட்டு ஆவியில் முகத்தை அடையாளம் காணத் திணறுகிறது, அதனால் போனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டோம். தமிழ் கிடையாது, மலாயும் ஆங்கிலமும் மட்டும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஆள் எடுக்கும் பகுதியை வெட்டிவிட்டு 5 வெள்ளிக்குத் தருவீர்களா என்று கேட்டு மூன்று வாரமாகிறது, பதிலைக் காணோம்.