மண் ஈர சென்சார்: ரிப்பேர் ஆகி வந்த பிறகு எழுதுவது

கேபிள் இணைப்பில் தண்ணீர் புகுந்து நின்றுபோன சென்சார் ஒருவழியாகச் சரியாகி வந்துவிட்டது. புதிதாக விவசாயத்தில் இறங்கியிருக்கும் நண்பர் "வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேட்டரி, சிக்னல் எல்லாம் சொன்னபடியே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் கோபமெல்லாம் சென்சார் அளப்பதை போனில் காட்டும் அந்த ஆப் மேல்தான். ஈரம் 25 சதவீதம் என்றால் "தண்ணீர் போதும்" என்று பச்சை காட்டுகிறது. மணற்பாங்கான நிலத்தில் 25 தாராளம். கனத்த களிமண்ணில் அதே 25-ல் பயிர் வாடிவிடும். களி அவ்வளவு இறுக்கமாக நீரைப் பிடித்து வைத்திருக்கும். என் நிலம் களி. இலை தொங்கி நிற்கிறது, போனில் பச்சை! மண் வகையை மாற்றும் இடம் எங்கோ உள்ளே ஒளிந்திருக்கிறது. மாற்றினாலும் அடுத்த அப்டேட்டில் பழையபடி ஆகிவிடுகிறது. புகார் சொன்னால் "மறுபடி செட் பண்ணிக்கோங்க" என்கிறார்கள். விவசாயம் பழகும் பிள்ளைகள் இந்தப் பச்சையை நம்பினால் விளைச்சல் என்ன ஆகும்?

சென்சாரைக் குறை சொல்ல மாட்டேன். அது மண்ணின் மின்காப்பு மாறிலியை (ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்று சொல்லும் எண்) அளந்து ஈரத்தைக் கணக்கிடுகிறது. தண்ணீருக்கு அது 80 அளவில், காய்ந்த மண்ணுக்கு 5 அளவில். களி வெடித்து, சென்சார் கம்பியைச் சுற்றிக் காற்று புகுந்தால் குறைத்துத்தான் காட்டும். அதை மன்னிக்கலாம்.

அப்புறம், 20 செ.மீ., 40 செ.மீ. என்று இரண்டு ஆழத்தில் அளக்கிறதே, அதற்காக இதைக் கொண்டாடலாம். பாய்ச்சிய பிறகு, ஆப் வரைபடத்தில் 40 செ.மீ. ஈரத்தைக் காட்டும் கீழ்க் கோடும் ஏறினால், மேலோட்டமாக வேர்விடும் காய்கறிப் பயிரைத் தாண்டித் தண்ணீர் இறங்குகிறது, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தான நைட்ரேட்டையும் கரைத்துக்கொண்டு. வெடித்த களியில் சில நேரம் கீழ்க் கோடுதான் முதலில் ஏறும். நீர் வெடிப்பு வழியாக நேரே அடிக்குப் போகிறது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து இதையெல்லாம் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கீழ்க் கோடு அசையாதபடி கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பாய்ச்சத் தொடங்கினேன். உரம் கூட்டவே இல்லை, காய்ப்பு கூடியது.

செயற்கைக்கோள் படமும் தருகிறார்கள். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளியே 10 மீட்டர். சின்ன வயலுக்குப் பெரிதாக உதவாது, மேகம் மூடினால் அதுவும் இல்லை.

இதே கம்பெனியிடம் மறுபடி வாங்குவேனா? மாட்டேன். நண்பர் யாரிடம் வாங்கினாலும் இரண்டு ஆழம் அளப்பதாக வாங்கட்டும். நிறத்தைப் பார்க்க வேண்டாம், கோடுகளைப் பார்க்கட்டும். தன் மண்ணில் எந்த எண்ணில் பயிர் வாடத் தொடங்குகிறது என்பதை முதல் பருவத்திலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.