இலை பாக்கப் போய் மொட்டை மரம் பாத்தோம் – பாஸ்டன் டு ஒயிட் மவுன்டன்ஸ் ஒரு நாள் ஹைக்கிங் டூர் ரிவ்யூ

பேர் சொல்லல, கம்பெனிக்கு ஏற்கனவே மெயில்ல எல்லாம் எழுதியாச்சு. பாஸ்டன்ல வேன் ஏத்தி நியூ ஹாம்ப்ஷயர் ஒயிட் மவுன்டன்ஸ்ல இருக்கிற ஃபிரான்கோனியா நாட்ச் (மலைக் கணவாய்) கூட்டிட்டுப் போய், கைடோட ஹைக் பண்ண வெச்சு, ராத்திரி திரும்பக் கொண்டாந்து விடுற டூர். அக்டோபர் 18 சனிக்கிழமை போனோம், நான், வைஃப், ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா. ஜூலைலயே புக் பண்ணிட்டேன், அதான் நான் பண்ண முதல் தப்பு.

அவங்க சைட்ல அக்டோபர் மாசம் முழுக்க எந்த தேதிய அமுக்கினாலும் "பீக் கலர்"னு தான் காட்டுது, அதாவது குளிர் வர்றதுக்கு முன்னாடி இலையெல்லாம் மஞ்சளும் செவப்புமா மாறி உச்சத்துல இருக்கிற நேரம்னு. அப்படி ஒரு மாசம் பூரா பீக் எந்த மலைலயும் கிடையாதுங்க. கலர் வடக்குல இருந்து தெற்கா, மேல இருந்து கீழா இறங்கி வரும். அந்த நாட்ச் பக்கம் வழக்கமா செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு அக்டோபர் முதல் பத்து நாளுக்குள்ள உச்சம், அதுக்கப்புறம் ஒரு நல்ல காத்தும் மழையும் அடிச்சா ஒரே ராத்திரில மரம் காலி. இந்த வருஷம் வேற மழை கம்மி, இலை முன்னாடியே கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. போன வாரத்துக்கு முந்தின வாரமே ஒரு ஃப்ரெண்ட் சொன்னான், உடனே போன் பண்ணி தேதி மாத்த முடியுமான்னு கேட்டேன், முடியாதாம், ரீஃபண்டும் இல்லயாம், "நேச்சர எங்களால கேரண்டி பண்ண முடியாது சார்"னாங்க. அப்ப சைட்ல எதுக்குய்யா பீக்னு போட்டு வெச்சிருக்கீங்க?

வேன்ல இருந்து இறங்குனா குளிர் 4 டிகிரி. அப்பா மங்கி கேப்ப இழுத்து விட்டுட்டு மேல பாத்தாரு, ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஏன்டா, இது நம்ம வேப்பமரம் இலையெல்லாம் கொட்டிட்டு நிக்கிற மாதிரியில்ல இருக்கு, இதுக்கா நூத்தி இருபது டாலர்?" தலைக்குனு நான் சொல்லல, மூணு பேருக்கும் சேர்த்துன்னு நெனச்சுக்கிட்டாரு.

ஆனா கைடு பிரமாதம், அத சொல்லாம விட்டா பாவம். அறுபது வயசு இருக்கும், அந்த ஊர்க்காரர். ஃபாலிங் வாட்டர்ஸ் ட்ரெய்ல்ல க்ளவுட்லேண்ட் அருவி வரைக்கும் போய்ட்டு அப்படியே திரும்புறது தான் பிளான், மேல ரிட்ஜ் (மலை முகடு) வரைக்கும் எல்லாம் போகல, அந்த முழு சுத்து ஒம்போது மைல் கிட்ட வரும், அப்பாவோட அது நடக்காது. வழியில கொஞ்சம் இலை ஒட்டிட்டிருந்த ஒரு சின்ன மேப்பிள் கிளையப் புடிச்சு, காம்ப விரலால லேசா தொட்டாரு, டக்குனு கழண்டு விழுந்துச்சு. விழுந்த எடத்துல சின்னதா பிறை மாதிரி ஒரு தழும்பு, அதுக்கு சரியா மேல அடுத்த வருஷத்துக்கான மொட்டு ஏற்கனவே ரெடியா உக்காந்திருக்கு. பகல் குறையக் குறைய மரமே காம்புக்கு அடில ஒரு தடுப்பு கட்டிக்குதாம், பச்சை போனதும் உள்ள இருந்த மஞ்சள் தெரியுது, செவப்பு மட்டும் அப்பதான் புதுசா உண்டாகுது, அதுக்கு வெயில் பகலும் உறையாத குளிர் ராத்திரியும் வேணும்னாரு. நான் அப்பாவுக்கு தமிழ்ல சொன்னேன், "நம்ம வேம்பு தண்ணி பத்தாம கொட்டுது, இது குளிர் வருதுன்னு கொட்டுது, அவ்ளோதானே"னு ஒரே வரில முடிச்சிட்டாரு.

இலை கொட்டின பாதைல நடக்குறது தனி கலை. எது கல், எது வேர், எது பள்ளம் ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஒரே பழுப்பு மெத்தை. ரெண்டு வேருக்கு நடுவுல என் கால் கணுக்கால் வரைக்கும் உள்ள போய் பொத்துனு உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் தான் கைடு எல்லாருக்கும் ஊன்றி நடக்கிற ஹைக்கிங் கம்பு எடுத்துக் கொடுத்தாரு (ஆரம்பத்துலயே கொடுத்திருக்கலாம்). ஓடைய தாண்டுற எடத்துல ஈர இலை ஒட்டின பாறை வாழைப்பழத்தோல் மாதிரி வழுக்குது, அங்க அப்பா கைய கைடு விடவே இல்ல. அருவி 80 அடி, தண்ணி கம்மி தான். ஆனா மரம் மொட்டையா இருந்ததால திரும்பி நின்னா எதிர்ல மலை முழுசா தெரிஞ்சுது, இலை இருந்திருந்தா மறைச்சிருக்கும். பீச் (beech, பீச் பழ மரம் இல்ல) மரக் கன்னுங்க மட்டும் பேப்பர் மாதிரி வெளுத்த இலைய விடாம புடிச்சிட்டு நிக்குது, காத்துல சரசரன்னு சத்தம்.

சாப்பாடு மோசம். வெஜ்னு கேட்டதுக்கு ரெண்டு பிரெட்டுக்கு நடுவுல ஒரு சீஸ் துண்டு. நாங்க கொண்டு போன புளிசாதம் தான் காப்பாத்துச்சு, கைடும் ரெண்டு ஸ்பூன் வாங்கி சாப்பிட்டாரு. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதனால ஹெட்லேம்ப் கொடுத்து மூணரைக்கே கீழ இறக்கிட்டாங்க, அது நல்ல விஷயம்.

கொடுமை என்னன்னா, திரும்பி வரும்போது ஹைவேல தெற்கு பக்கம் கான்கார்ட் (நியூ ஹாம்ப்ஷயர் தலைநகர்) தாண்டினதுக்கப்புறம், கடைசி வெளிச்சத்துல, ரெண்டு பக்கமும் ஆரஞ்சும் செவப்புமா மரம் எரியுது! டிரைவர்கிட்ட அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கன்னு கேட்டோம், ஷெட்யூல்ல இல்லைன்னுட்டாரு. அன்னிக்கு இந்த டூர தெற்குல ஒரு சின்ன மலைக்கு மாத்தியிருந்தா எல்லாருக்கும் கலர் கிடைச்சிருக்கும். இத யோசிக்கிறதுக்கு தானே காசு வாங்குறாங்க?

கைடுக்கு அஞ்சுக்கு அஞ்சு, கம்பெனிக்கு ரெண்டு. போறவங்க முன்கூட்டியே புக் பண்ணாதீங்க, ஸ்டேட் டூரிசம் சைட்ல எங்க எவ்ளோ இலை கலர் மாறியிருக்குன்னு காட்டுற ஃபோலியேஜ் ட்ராக்கர் இருக்கு, ஸ்கீ மலைங்களோட வெப்கேமும் இருக்கு, அந்த வாரம் அத பாத்துட்டு கெளம்புங்க. கொலம்பஸ் டே (அக்டோபர் ரெண்டாவது திங்கள் லீவு) லாங் வீக்கெண்ட் மட்டும் வேணாம், பார்க்கிங்கே கிடைக்காது. அப்பா பொறுக்கின இலை ஒண்ணு அவரு பாஸ்போர்ட்டுக்குள்ள இருக்கு, இமிகிரேஷன்ல என்ன சொல்லப் போறாங்களோ தெரியல.